என் பெயரில் போன அங்கி

நான் பொய் எழுதியவள். ஒரு மனிதரின் வாழ்க்கைக் கதையையே மாற்றி எழுதியவள். அதனால் இதை நீங்கள் நம்பத் தயங்கலாம். ஆனால் அந்தப் பொய்யெல்லாம் வேறு குறிப்பேட்டில் இருக்கிறது. இந்தக் குறிப்பேட்டில் இருப்பது என் காதால் கேட்டது, என் தோலில் பட்டது. எந்த ஜாமம், எத்தனையாவது தட்டு என்பதுவரை மறுநாள் காலையிலேயே குறித்து வைத்துவிட்டேன். அந்த இரவைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

அது பத்தாம் மாதம், முதல் நாள். செத்தவர்களுக்குக் காகிதத்தில் குளிர்கால உடுப்பு வெட்டி, எரித்து அனுப்பும் நாள். எங்கள் முகாம் அப்போது கருங்கழுகு மலையில், பாழடைந்த ஒரு கோயிலில் இருந்தது.

எங்கள் தலைவர் பெயர் லுவோ தியேஷான். அரசாங்கம் ஊர் ஊராக ஒட்டிய அறிக்கையில் அவர் ‘உப்புத் திருடன் லுவோ’. எங்களுக்குப் பெரியண்ணன். உப்புப் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தவர். பஞ்ச வருடத்தில் உப்பு அதிகாரியின் கிடங்கை உடைத்துச் சனங்களுக்கு அள்ளிக் கொடுத்தார். அன்று அவருடன் பதினேழு பேர். நான் சொல்லும் இந்தச் சமயத்தில் எட்டாயிரம் பேர்.

அவருக்குக் கடிதமும் அறிக்கையும் எழுதித் தந்தவர் என் அப்பா. முன்பு கிராமத்தில் பள்ளிக்கூடம் நடத்தினார். கடைசி வரிசையில் நானும் உட்கார்ந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, பெண் பிள்ளை உட்காரும் இடத்துக்கு எங்கள் பையன்களை அனுப்பமாட்டோம் என்று பெரிய வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அன்றோடு என் படிப்பு நின்றது. அதற்கு முந்தைய வருடக் கடைசியில் அப்பா இருமி இருமிச் செத்தார். முகாமில் தூரிகை பிடிக்கத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை. பத்தொன்பது வயதில் அந்த வேலை எனக்கு வந்தது.

எனக்கு ஆட்கள் முன்னால் பேச்சு வராது. தொண்டையில் வந்து நின்றுவிடும். காகிதத்தில் மட்டும் வரும்.

பெரியண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் கதை எழுத்தில் இருக்கவேண்டும் என்று ஆசை.

“அவனுங்க எழுதினா நம்மளத் திருடன்னுதான் எழுதுவானுங்க, வாத்தியார் மகளே. நாம முந்திக்கணும்” என்றார்.

தினமும் சாயங்காலம் தினைக் கஞ்சி குடித்த பிறகு, கவிழ்த்த உப்புக் கூடை மேல் உட்கார்ந்து அவர் சொல்வார். நான் எழுதுவேன். அந்த ஒரு பொழுதுக்காகவே எனக்கு ஒவ்வொரு நாளும் விடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர் எங்கே தொடங்கினாலும் வான்சுன் வந்துவிடுவாள்.

வான்சுன் அவர் மனைவி. வரிப் படகின் கயிற்றை அறுத்தது வான்சுன். எங்கள் ஆட்கள் தலையில் கட்டும் சிவப்புத் துணி முதன்முதலில் அவளுடைய கல்யாணச் சட்டையிலிருந்து கிழித்தது. அதற்கு ஏழு வருடத்துக்கு முன்னால் ஆற்றுத் துறையில் படை துரத்தியபோது, அவர் அக்கரை சேரட்டும் என்று இக்கரையில் தீ மூட்டிக்கொண்டு தனியாக நின்றது அவள். அவளைப் பிடித்துப் போனார்கள். மறு மாதம் மாவட்ட நகரத்து வாசலில் ஒரு பெண்ணின் தலை தொங்கியது. பெரியண்ணன் தவிட்டு வியாபாரி வேஷத்தில் போய்த் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தார். காக்கை கொத்தி முகம் தெரியவில்லையாம். முடியை வைத்து அவள்தான் என்று முடிவு செய்தாராம்.

இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறும். அந்தக் குரலை எழுத எழுத எனக்கு வயிறு எரிந்தது. செத்து ஏழு வருடமான ஒருத்தி, இன்னும் ஒவ்வொரு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நான் ஒரு வரியில்கூட இல்லை.

அதனால் அவளை எடுக்க ஆரம்பித்தேன். கயிற்றை அறுத்தது பக்கத்துப் படகுக்காரன் என்று எழுதினேன். சிவப்புத் துணி கடையில் வாங்கியது. துறையில் தீ மூட்டியவர்கள் மூன்று ஆண்கள். அவர் படித்துக் காட்டச் சொன்னால், அவர் சொன்னதை அப்படியே நினைவிலிருந்து ஒப்பித்தேன். கண் மட்டும் காகிதத்தில் இருக்கும். அவர் தலையாட்டுவார்.

அந்த வருடம் பத்தாம் மாதம் நெருங்கியதும் பெரியண்ணன் நியூ அண்ணியிடம் அங்கி வெட்டச் சொன்னார். நியூ அண்ணி முகாமில் தையல்காரி. நானும் அவளும் ஒரே அறையில் படுப்போம். சிவப்புக் காகிதத்தில் மூன்று அடுக்கு, உள்ளே நிஜப் பஞ்சு, கழுத்தில் பீச் மலர். அளவு அவரே கையால் காட்டினார். தோள் இவ்வளவு, கை இவ்வளவு. அந்த அளவு இன்னும் அவர் கையில் இருந்தது.

“செத்தவளுக்கு மூணு அடுக்கு, இருக்கிறவளுக்கு ஓட்டச் சட்டை. அடுத்த வருஷம் நானும் செத்துப் பாக்குறேன்” என்றாள் நியூ அண்ணி.

“நீ செத்தா உன் அளவுக்குக் காகிதத்துக்கு நான் எங்க போவேன் அண்ணி?” என்றார் பெரியண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் சட்டையைப் பார்த்துக்கொண்டேன். அப்பாவின் பழைய சட்டையை வெட்டித் தைத்தது. இடது கையில் நெருப்புப் பட்ட ஓட்டை. எனக்குக் குளிருமா என்று அந்த முகாமில் ஒருவரும் கேட்டதில்லை.

அங்கியை மடித்துக் காகிதப் பொட்டலமாகக் கட்டி, மேலே வாங்குபவரின் பெயரை எழுதவேண்டும். பெயர் இல்லாத பொட்டலத்தை வழியில் அநாதை ஆவிகள் பிடுங்கிக்கொள்ளும். அதனால் அவர்களுக்கென்று தனியாக ஒரு சாதாரண அங்கியும் எரிப்போம். முன்பெல்லாம் அப்பா எழுதினார். இந்த முறை நான்.

கை தவறிவிட்டது என்று சொல்லமாட்டேன். தவறவில்லை. மையைத் தேய்த்தேன். தூரிகையை நனைத்தேன். நிதானமாக, என் கையெழுத்திலேயே அழகாக எழுதினேன்.

தாவ் லிங்.

அது என் பெயர்.

உயிரோடு இருப்பவர் பெயரை அந்தப் பொட்டலத்தில் எழுதினால் அவரைச் செத்தவர்களோடு சேர்ப்பதாக அர்த்தம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சிவப்பு அங்கியின் மேல் என் பெயர் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

பெரியண்ணன் பொட்டலத்தை வாங்கினார். எழுத்தின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழாக மெல்லத் தடவினார். மை காயவில்லை. விரலில் ஒட்டியது. ஒரு நொடி நின்றார்.

“வேற மாதிரி இருக்கே” என்றார். பிறகு தானே சிரித்தார். “உங்கப்பா கை வேற, உன் கை வேற.”

என் பெயரை அவர் அப்படித் தடவியது அந்த ஒரு தடவைதான். எனக்கு அது போதும் என்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன். போதும் என்று இருந்தது.

இருட்டும் நேரத்தில் கோயிலுக்குக் கீழே, மூன்று வழி சேரும் இடத்தில் சாம்பலால் வட்டம் போட்டோம். மாவட்ட நகரம் இருக்கும் தெற்குப் பக்கம் மட்டும் வாசல் விட்டோம். அவள் உடம்பு அந்தப் பக்கம்தானே கிடக்கிறது. வடக்கிலிருந்து காற்று வீசியது. நான் வட்டத்துக்கு வடக்கே நின்றேன். நெருப்பு தெற்கே சாயவேண்டும்.

சாயவில்லை. காற்றை எதிர்த்து என் பக்கம் சாய்ந்தது.

நான் இடம் மாறி நின்றேன். அதுவும் திரும்பியது.

நியூ அண்ணி கவனித்துவிட்டாள். “ஏண்டி, நெருப்பு உன்னையே பாக்குது?” என்றாள். அநாதைகளுக்கு வைத்த பொட்டலம் கண்மூடித் திறப்பதற்குள் சாம்பலானது. வான்சுன்னுடைய பொட்டலம் மட்டும் ஓரத்திலிருந்து நிதானமாகக் கருகியது. எல்லாம் எரிந்த பிறகும் எழுத்து இருந்த துண்டு மட்டும் சிவப்பாக மினுங்கியது. நல்லவேளை, படிக்கத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான்.

பெரியண்ணன் வட்டத்தின் வாசலில் உட்கார்ந்து, “வான்சுன், வாங்கிக்க. இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி” என்றார்.

திரும்பி நடக்கும்போது முதல் ஜாமம், நான்காவது தட்டு. எங்கள் பக்கம் இரவுக்கு ஐந்து ஜாமம், ஜாமத்துக்கு ஐந்து தட்டு. கோயில் மதில் மேல் காவல்காரன் மூங்கில் கட்டையால் தட்டுவான். பனி விழ ஆரம்பித்திருந்தது.

அறையில் செங்கல் மேடைக்கு அடியில் நியூ அண்ணி நிறைய விறகு போட்டிருந்தாள். அந்த மேடை மேல்தான் நாங்கள் படுப்பது. இரண்டாம் ஜாமம் தொடங்கியபோது அவள் குறட்டை விட்டாள். நான் விளக்கைத் தணித்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தேன். அன்றைய பக்கத்திலிருந்தும் வான்சுன்னை எடுக்கவேண்டி இருந்தது.

இரண்டாம் தட்டு.

தூரிகை காகிதத்தில் ஓடவில்லை. பார்த்தேன். மை உறைந்திருந்தது.

மேடையைத் தொட்டேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். அடியில் விறகு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஜன்னலில் ஒட்டியிருந்த காகிதத்தில் பனிப் பூ படர்ந்தது. வெளிப்பக்கம் இல்லை. உள்பக்கம்.

நியூ அண்ணியின் குறட்டை பாதியில் நின்றது.

“அண்ணி...” என்றேன். அவள் அசையவில்லை. கண் மூடியிருந்தது. வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு மட்டும் வந்தது.

மூன்றாவது தட்டு. டொக்.

அப்போதுதான் கேட்டது. பனியில் நடக்கும் சத்தம்.

சரக்... சரக்...

ஒரு கால் அழுத்தமாக. இன்னொரு கால் இழுத்துக்கொண்டு. கூடவே இரும்பு உரசும் சத்தம்.

மதிலில் இரண்டு காவல்காரர்கள் இருந்தார்கள். ஒருவரும் யாரென்று கேட்கவில்லை.

சரக்... சரக்...

எங்கள் கதவு முன்னால் நின்றது.

“தாவ் லிங்...”

பெண் குரல். கோபம் இல்லை. அடுத்த வீட்டுக்காரி எதையோ திருப்பித் தர வந்த மாதிரி இருந்தது.

“தாவ் லிங்... உன் அங்கி என்கிட்ட வந்துடுச்சும்மா.”

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. எனக்குத்தான்னு நெனச்சுப் போட்டுப் பாத்தேன். கை நுழையல... பக்கத்துல இருந்தவங்க பேரப் படிச்சுச் சொன்னாங்க.”

பக்கத்தில் இருந்தவர்கள்.

“உன்னுதா? இல்ல, எனக்கு வந்ததா? ஒரு வார்த்த சொல்லும்மா. நான் எடுத்துக்கலாமா?”

கதவின் அடி இடுக்கில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. துணி ஓரம் மாதிரி. காகித ஓரம் மாதிரி.

ஒரு வார்த்தை. ‘உங்களுடையதுதான்’ என்று சொன்னால் போதும்.

தொண்டை வரை வந்தது.

நின்றது.

எல்லோரும் இதைப் பயம் என்று நினைப்பீர்கள். பயந்தேன்தான். ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அது சொன்னது... ஏழு வருடமாக அவளுக்குத்தானே எல்லாம். ஒன்றே ஒன்று என் பெயரில் இருக்கட்டும்.

“தாவ் லிங்...”

பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. என் பற்கள் இல்லை.

நான் பேசவில்லை.

நான்காவது தட்டு. டொக்.

“சரி. இங்க வச்சிட்டுப் போறேன்.”

சரக்... சரக்... சரக்...

ஐந்தாவது தட்டு விழுந்தபோது நியூ அண்ணி மறுபடி குறட்டை விட்டாள்.

காலையில் கதவைத் திறந்தேன். முற்றம் முழுக்கப் பனி. ஒரு காலடியும் இல்லை. வாசற்படியில் மட்டும் சாம்பல் கிடந்தது. சிதறாமல், மடித்து வைத்த உடுப்பு மாதிரி, சதுரமாக. தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. நியூ அண்ணி அடுப்புச் சாம்பல் என்று நினைத்துப் பெருக்கித் தள்ளினாள். என்னைப் பார்த்துவிட்டு, “ராத்திரி கெட்ட கனவுடி. யாரோ குளிருதுன்னு அழுதாங்க. என்னால எந்திரிக்கவே முடியல” என்றாள்.

ஆறாம் நாள் பெரியண்ணன் மாவட்ட நகரத்தைப் பிடித்தார். பல மாதமாகப் போட்டிருந்த திட்டம் அது. வடக்கு வாசலை உள்ளே இருந்த எங்கள் ஆட்களே திறந்துவிட்டார்கள். முதலில் சிறையை உடைத்தார்கள். கைதிகளின் பெயர்களை எழுத என்னையும் கூட்டிப்போனார்கள்.

கடைசி அறைக்குள் போன பெரியண்ணன் வெளியே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். தரையில் ஒரு பெண் உடம்பு கிடந்தது. குளிரில் கெடாமல் இருந்தது. ஒரு காலில் இரும்பு வளையம். பெரியண்ணன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு முடியிலிருந்து வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் தொங்கியது வேறு யாரோ ஒருத்தியின் தலை. என்றைக்காவது பேரம் பேச உதவும் என்று இவளை ஏழு வருடமாக மறைத்து வைத்திருக்கிறார்கள்.

சிறைக் காவலாளியின் மனைவி சுவரோரம் நடுங்கிக்கொண்டு நின்றாள். நான் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனேன். எப்போது செத்தாள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“ஒண்ணாந்தேதி ராத்திரிம்மா. நாங்க ஒண்ணும் பண்ணல” என்றாள். பிறகு யாரிடமாவது சொல்லவேண்டும் என்று காத்திருந்தவள் மாதிரி கொட்டினாள்.

வருடா வருடம் பத்தாம் மாதம் முதல் நாள் ராத்திரி வான்சுன் எழுந்து உட்கார்ந்து, ‘வந்துடுச்சு’ என்பாளாம். அதன் பிறகு குளிர்காலம் முழுக்க நடுங்கமாட்டாளாம். மெல்லிய சட்டையோடு ஈரத் தரையில் படுத்திருப்பாள். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்குமாம். காவலர்கள் பயந்து கிட்டே போவதில்லையாம். இப்படி ஆறு குளிர்காலம்.

“இந்த வருஷம்?” என்றேன்.

“இந்த வருஷமும் வந்துடுச்சுன்னுதான் சொல்லிச்சு. அப்புறம் கைய இப்படி இப்படி நீட்டிப் பாத்துச்சு. ‘என்னுது இல்ல போலருக்கு, கேட்டுட்டு வந்துடறேன்’னு சொல்லிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துச்சு. உலுக்கினேன். அசையல. மூச்சு மட்டும் இருந்துச்சு. ஊர்ல மூணாம் ஜாமம் தட்டும்போது கண்ண முழிச்சு என்னைப் பாத்துச்சு.”

நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“‘அந்தப் பொண்ணு வாயே திறக்கல’ன்னுச்சு. அவ்வளவுதாம்மா. விடியறதுக்குள்ள வெறச்சுப் போச்சு.”

எங்கள் கதவுக்கு அவள் வந்தது இரண்டாம் ஜாமம், மூன்றாவது தட்டு. அப்போது அவளுக்கு உயிர் இருந்தது.

அன்று சாயங்காலம் சவப்பெட்டிப் பலகையில் பெயர் எழுதச் சொன்னார் பெரியண்ணன். இந்த முறை சரியாக எழுதினேன். லுவோவின் மனைவி வான்சுன். அவர் வழக்கம்போல் விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தடவினார். பாதியில் விரல் நின்றது.

“உங்கப்பா எழுதுற மாதிரியேதான் இருக்கு” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அப்ப அன்னைக்கு ஏன் வேற மாதிரி இருந்துச்சு?”

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை. அதன் பிறகு ஒரு நாளும் தன் கதையைச் சொல்ல அவர் என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த வசந்தத்தில் தலைநகரத்துப் படை வந்தது. அவரை அதே ஆற்றுத் துறையில் வைத்து வெட்டினார்கள். அக்கரைக்குப் படகு தயாராக இருந்தும் அவர் ஏறவில்லை என்று சொன்னார்கள்.

அவர் கதை என்னிடம் பாதியில் நிற்கிறது. வான்சுன்னை எடுத்த இடத்திலெல்லாம் மறுபடி அவளை எழுதிவிட்டேன். பத்தாம் மாதம் முதல் நாள் வந்தால் சிவப்புக் காகிதத்தில் மூன்று அடுக்கில் அங்கி வெட்டி, அவள் பெயரைப் பெரிதாக எழுதி எரிக்கிறேன். நெருப்பு எந்தப் பக்கமும் சாய்வதில்லை. நேராக நிற்கிறது. போய்ச் சேருகிறதா என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரியும். வாசற்படியில் அந்தச் சாம்பலைத் தொட்ட காலையிலிருந்து எனக்குக் குளிர் தெரிவதில்லை. பதினொரு குளிர்காலம் போய்விட்டது. அப்பாவின் ஓட்டைச் சட்டைதான். மேடைக்கு நெருப்பு வைப்பதில்லை. இதை எழுதும் இந்த நேரம், முதல் ஜாமம், இரண்டாம் தட்டு, வெளியே கிணற்றுத் தண்ணீர் கல்லாகிக் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். மை உறைந்து உறைந்து போகிறது. வாயால் ஊதி ஊதி எழுதுகிறேன்.

எனக்கு வியர்க்கிறது.

தோளிலும் கையிலும் மட்டும்... சரியாக, அன்று பெரியண்ணன் கையால் காட்டிய அந்த அளவுக்கு.